சுருளுக்குள் எத்தனை மீட்டர்?

ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம். அதுதான் பாயின் கடை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அங்கே வேலை பழகப் போனேன். முதல் நாளே ஏதாவது ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துக் கையில் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். பாய் ஒரு கோணிப்பையைக் கவிழ்த்தார். கொட்டியதெல்லாம் அறுந்த கேபிள்கள்.

"இதெல்லாம் சரியா வரட்டும் தம்பி, அப்புறம் ஆம்பு பார்க்கலாம்."

மூன்று மாதம் கேபிள்தான். முதல் பாடம் சுற்றுவது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே கொடிக்கயிறு மாதிரி சுற்றினேன், கையிலிருந்து பிடுங்கிவிட்டார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போகும், ஒருநாள் அறும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கையைத் திருப்பிக் கீழாக. அது பழக ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது பாடம் அவமானத்தில் வந்தது. ஒரு கிட்டார் வயருக்குப் புது ஜாக் பற்றவைத்துக் கொடுத்தேன். மீட்டரில் 'பீப்' வரவில்லை, ஷார்ட் இல்லை, சந்தோஷம். மறுநாளே அந்த ஆள் வந்து, கிட்டார் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பாய் ஜாக்கைத் திறந்தார். வலைபோல் பின்னிய செம்பு ஷீல்டுக்குக் கீழே, நடுக் கம்பியின் உறைமேல், கறுப்பாக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருந்தது. நான் அதையும் இன்சுலேஷன் என்று எண்ணி அப்படியே விட்டிருந்தேன். அது மின்சாரம் கடத்தும் படலம். வயரை மிதித்தாலோ மடக்கினாலோ உண்டாகும் 'டப் டப்' சத்தத்தை ஷீல்டுக்குள் வடித்துவிடத்தான் அதை வைக்கிறார்கள். நுனியில் அதை உரிக்காவிட்டால் கிட்டாரின் சிக்னலையும் சேர்த்து வடித்துவிடும். முழு ஷார்ட் இல்லாததால் மீட்டர் கத்தவில்லை. பாய் பிளேடால் நாலு மில்லிமீட்டர் பின்னுக்கு உரித்தார். இன்றைக்கும் ஜாக் போடும்போது என் கை முதலில் அந்தக் கறுப்பைத்தான் தேடும்.

ஸ்பிரிங் வயர் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது, சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவன் வந்தபோது. பழைய டெலிபோன் ரிசீவரில் தொங்குமே, அந்த மாதிரிச் சுருள் வயர்தான் வேண்டுமாம். ஜிமி ஹென்றிக்ஸ் படத்தில் பார்த்திருக்கிறான். அறுபதுகளில் ஹென்றிக்ஸ் அப்படி வயரோடு நின்ற படங்கள் இருப்பது உண்மைதான். வெறும் ஸ்டைலுக்குக் கேட்கிறான் என்று எனக்கு இளக்காரம். பாய் மீட்டரைக் கபாசிட்டன்ஸில் வைத்து, இரண்டு வயரையும் அளக்கச் சொன்னார்.

3 மீட்டர் நேர் வயர்: சுமார் 300 பிகோஃபாரட். கொக்கியில் மாட்டியிருந்த ஸ்பிரிங் வயர்: 1,000-க்குக் கொஞ்சம் கீழே. தொங்கவிட்டால் இடுப்புயரம்கூட இல்லாத சாமான். ஆனால் சுருளுக்குள் சுருட்டி வைத்திருப்பது எத்தனை மீட்டர் கம்பி! கம்பி நீள நீளக் கபாசிட்டன்ஸ் ஏறும். முறுக்கு கையகலம்தான், அதற்குப் பிழிந்த மாவை நீட்டிப் பார்த்தால் தெரியும்.

பாலிடெக்னிக் ஃபார்முலா வாழ்க்கையில் முதல்முறை உதவியது. காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கிட்டார் பிக்கப் சுமார் இரண்டரை ஹென்றி, நேர் வயரும் பிக்கப்பின் சொந்தக் கபாசிட்டன்ஸும் சேர்ந்து 400 என்றால், ஒலி உச்சம் எட்டும் இடம் சுமார் 5,000 ஹெர்ட்ஸ். மொத்தம் 1,000 ஆனால் அந்த உச்சம் 3,200 பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேலே இருக்கிற பளபளப்பு சரியும். மாட்டிக் கேட்டோம். கம்பியில் நகம் படுகிற அந்தக் கீச்சு மழுங்கி, குரல் உருண்டு வந்தது. நான் அதை நஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். பையன் முகம் மலர்ந்து, "இதுதாண்ணா வேணும்" என்றான்.

நஷ்டம் யாருக்கு என்பதை வாசிக்கிறவன்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கிட்டாருக்கும் முதல் பெடலுக்கும் நடுவே போட்டால்தான் இந்த வித்தை. பாஸ் கம்பெனியின் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்குள், அணைத்து வைத்திருந்தாலும், பஃபர் என்று ஒரு சின்ன சர்க்யூட் வேலை செய்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை சுருள் போட்டாலும் ஒலி அசையாது. இதைச் சொல்லாமல் விற்றால் வாங்கியவன் திரும்பி வந்து சண்டை போடுவான். அப்புறம் கனம். மேடையில் முன்னால் நடந்தால் பின்னாலிருந்து இழுக்கும், மைக் ஸ்டாண்டின் காலில் சிக்கும். வயரைத் தோள்பட்டை வாருக்குள் ஒருமுறை நுழைத்து மாட்டச் சொல்லி அனுப்பினோம். இழுவை ஜாக்கில் விழாமல் வாரில் விழும். மெல்லிசைக் குழுவில் ஒரே இடத்தில் நின்று வாசிப்பவர் கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு நேர் வயர்தான் கொடுப்பேன். தரையில் படுத்துக் கிடக்கும், மேலே டேப் ஒட்டிவிடலாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட திமிரில் அடுத்த அடி வாங்கினேன். டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஒருவர் சோனி எம்.டி.ஆர் 7506 ஹெட்போன் கொண்டுவந்தார். 1991-இலிருந்து வருகிற மாடல். கழற்ற முடியாத சுருள் வயர், இழுத்தால் 3 மீட்டர் வரும். வருஷக் கணக்காக இழுபட்டுச் சுருள் தளர்ந்து, தரைவரை தொய்ந்து, நாற்காலிச் சக்கரம் ஏறி அறுந்திருந்தது. நேர் வயராக மாற்றிக் கொடுங்கள், மடியில் கனமாக இருக்கிறது என்றார். நான் முந்திக்கொண்டு, "சார், சவுண்டு மாறும்" என்றேன்.

பாய் சிரித்தார். "கிட்டார் பிக்கப் சீக்காளிப்பா. வயரைச் சுமக்கவே அதுக்குத் தெம்பு இல்ல. ஹெட்போன் ஆம்பு பயில்வான். நீ எவ்ளோ சுருள் போட்டாலும் தூக்கிட்டுப் போவான்."

கணக்கும் அதையே சொன்னது. அந்த ஹெட்போன் 63 ஓம். கொடுக்கிற பக்கம் பத்து ஓம் என்று வைத்தாலும், அதே 1,000 பிகோஃபாரட் ஒலியைத் தொடத் தொடங்குவது ஒன்றரைக் கோடி ஹெர்ட்ஸுக்கு மேலே. மனிதக் காது 20,000-த்தோடு கடையைச் சாத்திவிடும்.

ஹெட்போன் வயரைப் பற்றவைப்பது தனி அவஸ்தை. புது வயருக்குள் தலைமுடி மாதிரிக் கம்பிகள், சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில், ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு. கூடவே இழுவை தாங்க நைலான் நூல். ஈயத்தை வைத்தால் சேம்பிலையில் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது. அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தைத் தேக்கி, அதற்குள் கம்பி நுனியை முக்கிப் பொறுமையாகப் பிடிக்க வேண்டும். சின்னதாகப் புகை வரும், சிவப்பு கருகும், சட்டென்று வெள்ளி நிறம் ஏறும். அந்த நொடிக்கு முன்னால் எடுத்தால் ஒட்டினாற்போல் தெரியும், ஒரு காது கேட்காது. நான் இரண்டு முறை முன்னால் எடுத்தேன்.

1.2 மீட்டர் நேர் வயர் போட்டுக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து வந்தார். ஹெட்போன் தலையில் இருப்பதை மறந்து எழுந்திருக்கிறார்; மேஜை மேலிருந்த மிக்சரின் சாக்கெட் போர்டோடு பிய்ந்து வந்துவிட்டது. சுருளாக இருந்திருந்தால் எழுந்த அளவுக்கு நீண்டு கொடுத்திருக்கும். ஆடியோ டெக்னிகா 2014-இல் எம்50எக்ஸ் ஹெட்போனை விட்டபோது பெட்டிக்குள் மூன்று வயர் வைத்தார்கள்: நேராக 1.2 மீட்டர், நேராக 3 மீட்டர், சுருளாக ஒன்று. அந்த டிசைன் அறையில் இந்த மாதிரி ஆள் ஒருவர் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

அவருடைய பழைய சுருள் வயரை நான் தூக்கிப் போடவில்லை. அறுந்த இடத்தை வெட்டிவிட்டால் மிச்சம் தாராளம். பாய் சொன்னபடி ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு வளையமாக எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போனேன். அரைமணி நேரம், விரல் காந்தியது. தொளதொளவென்று கிடந்தது பல்லைக் கடித்த மாதிரி இறுகிக்கொண்டது. அதையே மறுபடி பற்றவைத்தோம்.

இப்போது ஹெட்போன் வயர் கேட்டு யார் வந்தாலும், எங்கே உட்காருவீர்கள், நாற்காலிக்குச் சக்கரம் உண்டா, எழுந்திருக்கும்போது கழற்றுவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சுருளைத் தொடுகிறேன். போன வாரம் ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "சர்க்கரை இருக்கான்னு கேக்கலையே?" என்றார்.