புகும் காற்றும் போகும் காற்றும்

எரிபொருளில் இருக்கும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்று சேர்வதில்லை. அதில் ஒரு பகுதியே வண்டியை நகர்த்துகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேற, எஞ்சியதில் பெரும்பகுதி இயந்திரத்தைச் சூடாக்குகிறது. அச்சூட்டை உடனுக்குடன் அகற்றாவிட்டால் இயந்திரம் உருக்குலையும்.

கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் நீர் ஆவியாகியே இயந்திரத்தைக் குளிர்வித்தது. 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் சென்றபோது, வழியெங்கும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901ஆம் ஆண்டு மெர்சிடிஸ் வண்டியில் 8,070 சிறு குழாய்களின் வழியே காற்று புகுந்து நீரின் சூட்டைக் கவர்ந்து சென்றது. அன்றுமுதல் மகிழுந்தைக் காப்பதில் நீருக்கு நிகரான பங்கு காற்றுக்கும் உண்டு.

இதை நான் நூல்களில் படித்திருந்தேன். அதன் பொருளை உணர்த்தியவர் பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த என் அத்தை, தாம் வாழ்ந்த இடத்தை ஒருமுறை காண விரும்பினார். ஆழியாற்றைக் கடந்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். தம்பியின் பழைய மகிழுந்து ஒன்பதாம் வளைவிலேயே கொதித்தது. ரேடியேட்டரினுள் நீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் பீறிட்டு உடலை வேகவைக்கும். ஆகவே, ஆறும்வரை காத்திருந்து திரும்பினோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய ரேடியேட்டர் மாற்றலாமா என்று தம்பி கேட்டான். மெக்கானிக் குனிந்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தார். சேறு படாதிருக்க முன்னர் யாரோ பொருத்திய இரும்புத் தகடு அங்கே வழியை அடைத்திருந்தது. “வீட்டுக்கு வாசல் மட்டும் இருந்தால் போதுமா தம்பி? கொல்லைக் கதவும் திறந்திருந்தால்தானே காற்று ஓடும்?” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ரேடியேட்டரைக் கடந்த வெப்பக் காற்று வெளியேற இயலாவிடில் இயந்திர அறையில் அழுத்தம் பெருகும். புதிய காற்று உட்புகத் தயங்கும். ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தாலோ, வெளியேறிய வெப்பக் காற்றே மீண்டும் முன்னால் வந்து சேரும். மெதுவாக மலையேறும்போது எதிர்க்காற்று குறைவு, விசிறியே துணை. அதன் உறை கழன்றிருந்தால் விசிறியால் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்க முடியாது. முன்மூடியின் பின்விளிம்பை உயர்த்தி வைப்போரும் உளர். விரைந்து செல்கையில் முகப்புக் கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் மிகுதி. அவ்வழியே காற்று வெளியேறாமல் உள்ளே நுழைவதும் உண்டு.

அவர் தகட்டை அகற்றினார். இடைவெளிகளை ரப்பர் பட்டையால் அடைத்தார். விசிறியின் உறையை மீண்டும் பொருத்தினார். ரேடியேட்டர் பழையதே. மறுவாரம் 40 வளைவுகளையும் கடந்தோம். வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது.

வாயிலைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் எளிதில் தோன்றும் வழி. ஏரிக்கு வரத்துக் கால்வாயோடு கலிங்கையும் அமைத்த நம் முன்னோர், வெளியேறும் வழியையும் எண்ணியே கரை எழுப்பினர். வருவதை ஏற்கும் ஆற்றல், போகவேண்டியதைப் போகவிடுவதிலும் அடங்கியிருக்கிறது.