கொல்கத்தாவுக்கு எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு வான்வழியே ஏறக்குறைய 1,380 கிலோமீட்டர். டிக்கெட்டில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் போட்டிருப்பார்கள். ஓடுதளத்தில் ஊர்வதைக் கழித்தால் ஆகாயத்தில் இருப்பது இரண்டு மணி நேரம்தான். ரயில் கரையோரமாக வளைந்து 1,660 கிலோமீட்டர் ஓடுகிறது. விமானமோ வங்கக் கடல்மேல் குறுக்கே வெட்டிவிடுகிறது.

ஆம்பூர்க்காரனுக்கு இந்தக் கணக்கு உதவாது. தோல் விஷயமாகக் கொல்கத்தாவின் தோல் வளாகமான பான்தலா போகவேண்டுமானால் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கே மூன்று மூன்றரை மணி நேரம், அதுவும் ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் வழிவிட்டால். பிறகு சோதனை, காத்திருப்பு என்று இரண்டு மணி நேரம். டம்டம் விமான நிலையத்தில் இறங்கியபின் கொல்கத்தா நெரிசலில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். மொத்தத்தில் பறப்பது கால் பங்கு தேறினால் அதிகம். வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கத்தான் இருக்கிறது. உடான் திட்டத்தில் பெயர் சேர்ந்தும் வருடங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் மீனம்பாக்கத்துக்கே கார் சொல்கிறேன்.

தொழிலில் பார்த்தால் ஆம்பூரும் கொல்கத்தாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுத்த எங்கள் டேனரிகள் மீது தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா டேனரிகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது. இரண்டு அமர்வுக்கும் தலைமை தாங்கியவர் நீதியரசர் குல்தீப் சிங். கொல்கத்தா டாங்ராவின் சீன வம்சாவளித் தோல்காரர்களும் எங்கள் வாணியம்பாடிக்காரர்களும் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

திரும்பும் விமானத்தில் வியாபாரிகளைவிட நோயாளிகள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். மடியில் எக்ஸ்ரே உறை, பக்கத்தில் பொறுப்பான ஒரு மகன். எல்லாரும் போவது வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று காந்தி ரோடு முழுக்க வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை மாட்ட வைத்திருக்கிறது. மீன் சோற்றுக்கும் அங்கே குறைவில்லை.

ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் இந்தியில் கேட்டார்: "தாதா, வேலூர் சென்னையிலிருந்து எவ்வளவு தூரம்?" நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட வந்த அம்மாவுக்கு முதுகுத் தண்டில் கோளாறாம், உட்காரவே முடியாதாம். விமானத்திலும் உட்கார்ந்துதான் வரவேண்டும், காரிலும் உட்கார்ந்துதான் போகவேண்டும். ஹவுராவில் பெங்களூர் வண்டி ஏறியிருந்தால், சென்னைக்குள் நுழையாமல் ரேணிகுண்டா வழியாகக் காட்பாடிக்கே வந்திருக்கலாம். ஒரு நாளுக்கு மேல் ஆகும், உண்மை. ஆனால் படுத்துக்கொண்டு வரலாம். இறங்கினால் ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம். வேகமான வண்டி தூரத்தில் இறக்குகிறது, மெதுவான வண்டி வாசலில் இறக்குகிறது. இதை எந்த டிக்கெட்டிலும் அச்சடிப்பதில்லை.

திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்டேன். "எப்படிப் போடுவது? டாக்டர் எப்போது விடுவார் என்றே தெரியாதே" என்றார். அதுவும் சரிதான். காட்பாடியில் தட்கால் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு, ஏசிக்குப் பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று என்று நான் சொன்னதை எக்ஸ்ரே உறையின் மேலேயே எழுதிக்கொண்டார்.