மொட்டை மாடிக்கு முதல்ல வைத்தியம்

போன மே மாசம், ராத்திரி ஒன்பது மணி. பிறந்து மூணு நாள் ஆன குழந்தைக்கு 101 டிகிரி காய்ச்சல்னு நர்ஸ் அக்கா கூப்பிட்டாங்க. போய் பார்த்தா வாய் காஞ்சிருக்கு, மூத்திரம் சரியா போகல, பிறந்த எடையில பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு, தாயையும் பிள்ளையையும் கீழ்த்தள வார்டுக்கு மாத்தினோம். பக்கத்துலயே உட்கார்ந்து பால் குடிக்க வச்சோம். விடியறதுக்குள்ள காய்ச்சல் இறங்கிடுச்சு. பரிசோதனையிலயும் தொற்று இல்ல. (இதைப் படிச்சுட்டு வீட்டுல பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா "வெறும் சூடுதான்"னு விட்டுடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

அந்தம்மாவோட மாமியார் என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க: "கீழ வந்ததும் சரியாச்சே டாக்டர், மேல என்ன அடுப்பா எரியுது?"

கொரோனா நேரத்துல வாங்கின நெத்தி தெர்மாமீட்டர் இருந்துச்சு. பொருளோட சூட்டை அளக்கிற மோடுக்கு மாத்தி மேல் வார்டு சீலிங்கைக் காட்டினேன். 42. கீழ்த்தள சீலிங் 33.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தகர ஷீட் போட்ட ரூம்ல தங்குற தொழிலாளிகளுக்கு நாம "வெயில்ல போகாதீங்க, தண்ணி குடிங்க"னு சொல்லி அனுப்புறோம். நம்ம வார்டே ராத்திரியில சுடுது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சதுக்கு அப்புறம் நடந்தது இது.

நான் வெறும் எம்பிபிஎஸ், கட்டடம் தெரியாது. தெரிஞ்ச பொறியாளர் சார் விளக்கினார்: கான்கிரீட் பகல் முழுக்க சூட்டை உறிஞ்சும், அது கீழே வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதனால சாயங்காலத்துக்கு மேலதான் சீலிங் சுடும். ஃபேன் அந்தக் காத்தைத்தான் நம்ம தலையில இறக்குது. மாடியில சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேல பதிச்ச தட்டோடு பாதி பெயர்ந்து கிடந்துச்சு. மழையில ஒழுகுது, வெயில்ல சுடுது.

அந்த நேரத்துல ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல சோலார் பேனல் இலவசமா தர்றேன்னு வந்தாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். "இப்ப வேண்டாம், முதல்ல மாடியைச் சரி பண்ணித் தாங்க"ன்னு சொன்னேன். மூஞ்சி மாறிடுச்சு. தட்டோட்டுல பேர் பலகை மாட்ட முடியாதுல்ல!

பேனல் 25 வருஷம் இருக்கும். ஒழுகுற மாடி மேல அதை மாட்டிட்டா, ரெண்டு மழையில கழட்டணும். அந்தச் செலவை யாரும் தர மாட்டாங்க. ஏசியும் அப்படித்தான். சுடுற கூரைக்குக் கணக்குப் போட்டு பெரிய ஏசி வாங்கிட்டா, கூரை குளிர்ந்த பிறகும் அதுக்குத்தான் கரண்ட் கட்டணும். ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் நகரத்து பாசிவ் ஹவுஸ் நிறுவனம், பழைய கட்டடங்களுக்கு 'எனர்ஃபிட்'னு ஒரு தரநிலை வச்சிருக்கு. வேலையைத் துண்டு துண்டா செய்யலாம், ஆனா கடைசி வரைக்குமான திட்டத்தை முதல்லயே போட்டுடணும். அவங்க பயம் குளிர், நம்ம பயம் வெயில். நோயாளிக்கு நாம செய்றதும் இதுதானே? ஆபரேஷனுக்கு முன்னாடி சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வருவோம்.

ஃபேன் கணக்கைப் பாருங்க. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30. நாள் முழுக்க ஓடுற 40 ஃபேனை மாத்தினா தினம் 43 யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தரும்னா, இது கிட்டத்தட்ட 11 கிலோவாட் பேனலுக்குச் சமம். மாடிக்கு ஏறாமலே!

எங்க வரிசை இது: முதல்ல ஒழுகல். அப்புறம் மேற்குப் பாதிக்கு வெள்ளைக் கூல் டைல்ஸ், மேற்கு ஜன்னலுக்கு மறைப்பு. அதுக்கப்புறம் ஃபேன், லைட், பழைய வயரிங். ஏசி பிரசவ அறைக்கும் பச்சைக் குழந்தை அறைக்கும் மட்டும். மிச்ச லோடுக்கு ஏத்த பேனல் கடைசியில, கிழக்குப் பாதியில. பேனலே நிழல் தரும், அங்க டைல்ஸ் தண்டம்.

மேற்குப் பாதி முடிஞ்சுது. கிழக்குல ஒழுகலை அடைச்சாச்சு, பேனல் வரல. கம்பெனிக்காரங்க "அடுத்த நிதியாண்டு பார்க்கலாம்"னு சொல்லிட்டாங்க. நான் பண்ணது தப்போன்னு சில ராத்திரி தோணும்.

போன வாரம் ஒன்பது மணிக்கு மறுபடி தெர்மாமீட்டரோட போனேன். மேற்கு 35, கிழக்கு 41. கிழக்குப் பக்கம் ஆறு கட்டில் இருக்கு. இப்போதைக்கு அங்க யாரையும் படுக்க வைக்கிறதில்ல.