கட்சியைச் சத்தமாகச் சொல்லி ஒரு வாக்கு

2008 பெப்ரவரி 12ஆம் திகதி, வேர்ஜீனியா மாநிலத்தில் 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தலில் வாக்களித்தேன். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் இருந்து தீர்மானிக்காமல் வாக்காளரிடமே கேட்கும் தேர்தல் இது. எங்கள் நாட்டில் வேட்பாளர் பட்டியலில் இடம்பிடிக்க அரசியல்வாதிகள் படும் பாட்டைப் பல்லாண்டுகளாக எழுதிய எனக்கு இதுவே பெரும் புதினம்.

வேர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதியப்படுவதில்லை. இரு கட்சிகளில் எதன் தேர்தலிலும் வாக்களிக்கலாம். ஆனால் ஒன்றில் மட்டுமே. ஆகவே, பெயரையும் முகவரியையும் உரத்துச் சொன்னதும் மேசையிலிருந்த மூதாட்டி கேட்டார்:

"ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா?"

பின்னால் வரிசையில் அயலவர்கள் நின்றனர்.

வாய் திறக்கச் சற்று நேரம் எடுத்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதையும், 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலன்று யாழ்ப்பாணத்து வாக்களிப்பு நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்ததையும் அறிந்தவர்களுக்கு, அந்நியர் முன்னிலையில் கட்சியின் பெயரைச் சொல்வது எத்தகைய காரியம் என்பது விளங்கும்.

"ஜனநாயகக் கட்சி" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒபாமாவா, ஹிலாரியா என்பதை மட்டும் இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். (அன்று அங்கு ஒபாமா இலகுவாக வென்றார்.) விரலில் மை பூசவில்லை, சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சிறு ஸ்டிக்கர் ஒன்றைத் தந்தார்கள். வீடு வரும்வரை அதைக் கழற்றவில்லை.