கத்திரி வெயிலில் ஒரு கேஸ்கெட்

சித்திரை 23

இரவு ஷிப்ட் முடித்த மகளை அழைத்துக்கொண்டு திரும்புகையில், ஒரகடம் கூட்டுரோட்டுக்கும் வல்லத்துக்கும் நடுவே உஷ்ணமானியின் முள் சரசரவென்று மேலேறியது. பின்னால் வெண்புகை எழுந்தது. கூலன்டின் தித்திப்பான வாசனை உள்ளே வந்தது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். வல்லத்துப் பட்டறைக்காரர் வந்து எண்ணெய் மூடியைத் திறந்து, அதன் அடியில் ஒட்டியிருந்த வெளுத்த கூழை விரலால் வழித்துக் காட்டினார். "கேஸ்கெட் போயிருக்கு சார். ஹெட்டை இறக்குனாத்தான் மத்தது தெரியும்."

சித்திரை 24

நேற்றிரவு தூக்கமில்லை. பணம் ஒரு கவலை. நாளைக் காலை அவளை யார் அழைத்து வருவது என்பது அதனினும் பெரிய கவலை.

பட்டறைக்காரர் பொறுமையோடு விளக்கிய விஷயத்தை மறப்பதற்கு முன் எழுதிவைக்கிறேன். எஞ்சினின் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பில், மெல்லிய எஃகுத் தகடுகள் சிலவற்றை அடுக்கிய கேஸ்கெட் ஒன்று கிடந்து, எரிகிற வாயுவையும் சுற்றுகிற நீரையும் ஓடுகிற எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் காக்கிறது. எங்கள் வண்டியின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். உஷ்ணத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியுமாதலால், எஞ்சின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் நகர, அந்த நகர்வு முழுவதையும் நடுவிலிருக்கும் தகடே சகிக்கிறது. இதன்மேல் டர்போ வேறு. வெளியேறும் புகையின் வேகத்தைக்கொண்டே காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் இந்த உபாயத்துக்கு ஆல்ஃபிரட் பியூஹி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே காப்புரிமை பெற்றாராம். காற்று மிகுந்தால் பலம் மிகும். டீசல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் அழுத்தம் எழும். அதையும் தாங்கவேண்டியது அதே தகடுதான்.

சித்திரை 26

அவள் கம்பெனி பஸ்ஸில் வந்துவிட்டாள். ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை 30

ஹெட்டை இறக்கிவிட்டார்கள். டர்போவைக் கழற்றி, அதன் வாய்களில் சுத்தமான துணி சுற்றி வைத்திருக்கிறது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதனுள் ஒரு மணல் துகள் விழுந்தாலும் நாசம் என்றார் பட்டறைக்காரர். கேஸ்கெட்டில் இரண்டாம் சிலிண்டருக்கும் நீர்த்துவாரத்துக்கும் இடையே கருகிய தடம். ஹெட்டில் அதே இடத்தைச் சுற்றி அலுமினியம் அரித்துக் குழிவிழுந்திருக்கிறது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரே ஊற்றி வந்திருக்கவேண்டும் என்பது பட்டறைக்காரரின் ஊகம். உப்பு படிந்த குழாய்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு எஃகு நேர்ச்சட்டத்தை ஹெட்டின்மேல் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் இதழ்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் இதழ் நுழையக்கூடாதாம். அதைவிடத் தடித்தது நுழைந்தது. லேத்தில் கொடுத்துச் சமன்செய்தால் செலவு குறையுமே என்றேன். அவர் உடனே சம்மதிப்பார் என்று நினைத்தேன், மறுத்துவிட்டார். "இந்த ஹெட்டைச் சீவக்கூடாதுன்னு கம்பெனிப் புத்தகத்துலயே போட்டிருக்கு சார். சீவினா வால்வு, இன்ஜெக்டர் எல்லாத்தோட உசரமும் மாறிடும். ஆறு மாசம் ஓடும், அப்புறம் மறுபடியும் இங்கதான் வரணும்." லேத்துக்காரர் அவருடைய மைத்துனர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இத்தகைய மனிதரிடம் வண்டி வந்து சேர்ந்தது என் பாக்கியம்.

வைகாசி 3

புதுப்பேட்டையில் சொல்லிவைத்த மாற்று ஹெட் வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள், ஒரகடத்தில் 2010 முதல் கார்கள், 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் என்று எஞ்சின் முழங்கும் இந்தப் பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு, சென்னைப் பழைய சாமான் கடைகளிலிருந்து ஒரு ஹெட் வருமா என்று நாள் முழுவதும் டெலிபோனைப் பார்த்திருப்பது மனத்துக்கு மிகுந்த ஆயாசம் தருகிறது. வெயிலும் பொறுக்கவில்லை. யாரோடும் பேசவில்லை.

வைகாசி 4

காலையில் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்துபோனேன். இறங்கிய பெண்களிடையே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகுதான் அது அவள் என்று தெரிந்தது. இரண்டு தோழிகளோடு சாலையோரத்திலேயே நின்று, கையை ஆட்டிக்கொண்டு ஏதோ நீண்ட கதையைச் சொல்லி முடித்தாள். காரில் என்றால் ஏறியதும் கண்ணயர்ந்துவிடுவாள். வீடு வந்தபின் எழுப்புவேன். "ஏம்ப்பா இந்த வெயில்ல வந்தீங்க?" என்றாள்.

வைகாசி 9

ஹெட் வந்தது. அழுத்தச் சோதனையிலும் நேர்ச்சட்டத்திலும் தேறியது. இன்று விடுமுறையாதலால் மகளும் பட்டறைக்கு வந்தாள். போல்ட்டுகள் புதியவை, ஒருமுறை நீண்டு இறுகிய போல்ட்டை மறுபடி நம்பக்கூடாது. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, முதல் சுற்று டார்க் ரெஞ்சில் குறித்த அளவுக்கு; அதன்பின் அளவு பலத்தில் அல்ல, கோணத்தில். மரையின் உராய்வில் கைப்பலம் எவ்வளவு வீணாகிறது என்பது போல்ட்டுக்குப் போல்ட் வேறுபடுமாதலால், எத்தனை பாகை திரும்பியது என்பதே அது எவ்வளவு நீண்டது என்பதற்கு நம்பகமான சாட்சி என்று மகள் சொன்னாள். அவள் வேலைசெய்யும் இடத்தில் பல போல்ட்டுகளை இயந்திரம் ஒரே சமயத்தில் முறுக்கி, ஒவ்வொன்றின் கோணத்தையும் எஞ்சின் நம்பரோடு பதிந்துவைக்குமாம். இங்கே கோணமானியை அவள் பிடித்துக்கொள்ள, பட்டறைக்காரர் நீண்ட பிடியை இழுத்தார். "போதும் அண்ணா" என்று அவள் சொன்ன இடத்தில் அவர் கை நின்றது. ஒரு சந்தேகமும் கேளாமல் நின்றது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசி 10

டர்போவின் எண்ணெய்த் துவாரத்தில் முதலில் எண்ணெய் ஊற்றி, எஞ்சினைப் பற்றவிடாமல் சிலமுறை சுழற்றி, பிறகே ஸ்டார்ட் செய்தார்கள். சிறிது நேரம் வெண்புகை, பிறகு தெளிந்தது.

வைகாசி 13

கூலன்ட் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. உள்ளே தங்கிய காற்று வெளியேறும்போது அப்படி இறங்கும், இன்னும் சில நாள் பார்க்கவேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். டப்பாவில் இன்றைய மட்டத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி இரவு ஷிப்ட். "நான் பஸ்லயே வந்துடறேன்ப்பா, நீங்க தூங்குங்க" என்றாள். வண்டிதான் சரியாகிவிட்டதே என்றேன். அவள் குளிக்கப் போய்விட்டாள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்க்கவேண்டும்.