இரண்டு ரப்பர்க் குழாய்கள்

எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று என்பது தமிழ் பயின்றோர் அறிந்த செய்தி. அரபியில் எண்ணெய்க்கு வழங்கும் ‘ஜைத்’ என்னும் சொல், ‘ஜைத்தூன்’ என்னும் ஒலிவத்தோடு உறவுடையது. ஆங்கிலேயர் வழங்கும் ‘ஆயில்’ என்பதும் கிரேக்க, இலத்தீன் மொழிகளின் வழியாக அதே ஒலிவத்திலிருந்து வந்ததுதான். எள்ளோடும் ஒலிவத்தோடும் எவ்விதத் தொடர்புமற்ற, பூமியின் ஆழத்தில் பிறந்த திரவமொன்று இன்று அப்பெயர்களைச் சூடிக்கொண்டு மோட்டார் வண்டிகளின் வயிற்றில் குடியிருக்கிறது. அதனை ஏந்திச் செல்லும் இரண்டு ரப்பர்க் குழாய்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். மத்ரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் போதிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என வாசக அன்பர்கள் வினவக்கூடும். வேலை இருந்தது.

இராசிபுரத்தில் வாழும் நம் தங்கை, சிறுநீரகங்கள் பழுதுற்று, வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சேலம் சென்று வருகிறார். போவதும் வருவதும் மறைந்த கணவர் விட்டுச்சென்ற டீசல் காரில். வயது இருபதைக் கடந்த வண்டி. 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து, 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பித்து ஓட்டப்படுவது. எந்தக் கம்பெனியின் தயாரிப்பு என்பது இங்கு வேண்டாம். அதன்மீது நமக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. ஓட்டுபவர் தங்கையின் மகன். ஒருநாள் காலை வண்டியின் முன்புறத்தடியில் கருந்துளிகள் சிலவற்றைக் கண்டு, குனிந்து நோக்கி, “மாமா, ஆயில் கூலர் ஓஸ் வேர்க்குது” என்றார். வேர்வை என்ற அச்சொல் மிகப் பொருத்தமானதே. குழாயின் உடல் முழுதும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் சாலைப் புழுதி சேறாய் அப்பியிருந்தது.

ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அந்த அடியின் வலு முழுவதையும் பேரிங்குகள் தாங்குகின்றன. அவற்றுக்கும் சுழலும் தண்டுக்கும் நடுவே இருப்பது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. வழுக்கலைத் தருவதோடு வெப்பத்தைச் சுமந்து அகற்றுவதும் அதன் கடமை. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில், அதிலும் 20 கொண்டையூசி வளைவுகளுடைய ஏற்காட்டு மலைப்பாதையிலோ 70 வளைவுகளுடைய கொல்லிமலைப் பாதையிலோ தாழ்ந்த கியரில் ஏறும்போது, எண்ணெய் நீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடேறும். ஆகவே அதனை ஒரு குழாயின் வழியே முன்புறத்திலுள்ள கூலருக்கு அனுப்பி, காற்றில் ஆறவைத்து, மற்றொரு குழாயின் வழியே திரும்பப் பெறுகிறார்கள்.

இரும்புக் குழாய் வைத்தால் என்ன? கூலர் வண்டியின் உடலோடு பிணைந்தது; இன்ஜினோ ரப்பர்த் தாங்கிகளின்மீது ஓயாமல் குலுங்குவது. இடையில் வளையாத இரும்பு இருந்தால் வெடித்துவிடும். ரப்பரிலோ வேறொரு சங்கடம். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகமும் வெப்பமும் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். எனினும் மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். 1930களில் ஜெர்மானியர் உருவாக்கிய நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரே எண்ணெயைத் தாங்கி நின்றது. அதுவும் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் கட்டையாக இறுகி, இரும்பு முனையைக் கவ்வும் இடத்தில் வெடிப்பு விடுகிறது.

குழாய் முற்றிலும் அறுந்தால் நேர்வது கொடியது. பம்பு தன் கடமையைத் தவறாது செய்து, சம்ப்பிலுள்ள எண்ணெய் அனைத்தையும் சில நிமிடங்களில் சாலையில் கொட்டிவிடும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் அதனை அறியாது. சிவப்பு விளக்கு எரிந்த கணமே இன்ஜினை நிறுத்தாவிட்டால் பேரிங் கவ்விக்கொள்ளும். அந்த வயதுடைய வண்டிக்கு அதுவே முடிவு. தங்கையின் வீட்டில் இன்னொரு வண்டி வாங்கும் வசதி இல்லை. பேருந்தில் நின்று பயணம் செய்யும் உடலும் அவருக்கில்லை.

முதலில் அணுகிய கடையொன்றில், கரிய குழாயில் இரண்டு முழத்தை அறுத்து, திருகுக் கிளிப்புகளோடு மேசைமேல் வைத்து, இதுவே போதும் என்றார்கள். விலையும் சொற்பம். மருமகன் அதனை வாங்கவில்லை. நாமக்கல்லுக்கு எடுத்துச் சென்று ஒரு மேஸ்திரியிடம் காட்டுவோம் என்றார். நாமும் உடன் சென்றோம்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லைக் கோழிமுட்டைக்காகவே அறிந்தவர் பலர். லாரிக்குக் கூடு கட்டுவதிலும் சமையல் எரிவாயு டேங்கர்களை ஓட்டுவதிலும் அது நாடறிந்த ஊர். அருகிலுள்ள திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் வட இந்தியா வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அவற்றின் உடலெங்கும் ஓடுபவை எண்ணெய்க் குழாய்களே. ஒன்று வெடித்தாலும் அன்றைய வேலை நின்றுபோகும். ஆகவே அளவுக்குக் குழாயறுத்து, முனை மாட்டி, இயந்திரத்தில் அழுத்திக் கொடுக்கும் கடைகள் இப்பகுதியில் நிலைபெற்றுள்ளன. பெருநகரக் காட்சிக்கூடத்தில் வருமா வராதா எனக் காத்துக்கிடக்கும் உதிரிப்பாகம் இங்கு தேநீர் அருந்தும் நேரத்தில் கிடைத்துவிடுகிறது. லாரிக்காரர்கள் தங்களுக்காக வளர்த்த கலையால் ஒரு நோயாளியின் கார் பிழைக்கிறது.

முதற்கடையில் காட்டிய குழாயைப் பற்றி மேஸ்திரியிடம் சொன்னோம். “அது ரேடியேட்டர் தண்ணி ஓஸுங்க பாய். எண்ணெய் அதைத் தின்னுபோடுமுங்க” என்றார். எண்ணெய்க்குரிய குழாயொன்றின் வெட்டுமுகத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே நைட்ரைல், நடுவில் எஃகுக் கம்பிப் பின்னல், வெளியே மற்றொரு ரப்பர் உறை. மேலே பார்த்தால் இரண்டும் கறுப்பே. அடியில் ஈரத் தானியத்தை வைத்து மேலே காய்ந்ததைப் பரப்பியிருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த நிகழ்ச்சியை எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். குழாய்க்குள் கைவிட இயலாது. வாங்குபவருக்கு விற்பவரின் நாணயம் ஒன்றே சாட்சி.

கசிந்தது ஒன்றேயாயினும் இரண்டையும் மாற்றச் சொன்னார். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே சூட்டில் வெந்தவை. கூலரின் கழுத்து அலுமினியம். ஆகவே ஒரு ஸ்பானரால் அதைப் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் திருகினார். இழுத்துத் திருகினால் கழுத்தே பிய்ந்து, குழாயின் செலவு கூலரின் செலவாகிவிடும். காருக்கே உரிய பழைய முனைகளைப் பத்திரமாக அறுத்தெடுத்து, அவற்றில் புதுக் குழாயைப் பொருத்தி அழுத்தினார்கள். அறுத்த தூள் ஒன்றுகூட உள்ளே தங்காதபடி டீசலால் கழுவிக் காற்றடித்தார்கள். தங்கினால் அது பேரிங்குக்கே போய்ச் சேரும். குலுங்குவதற்குச் சற்றுத் தளர்வு விட்டு, கூரிய தகடு எதிலும் உரசாதபடி மாட்டினார்கள். எண்ணெய் ஊற்றியபின் உடனே கிளப்பவில்லை. டீசல் போகாமல் தடுத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறி விளக்கு அணைந்த பிறகே இன்ஜினை ஓட விட்டார். புதுக் குழாய்கள் குடித்த அளவுக்கு மீண்டும் எண்ணெய் சேர்த்தார்.

கூலி உட்பட எல்லாமாகச் சேர்ந்து, தங்கையின் ஒருநாள் மருத்துவச் செலவை எட்டவில்லை. நாலைந்து முறை ஓடியபின் இணைப்புகளைப் பார்க்க வண்டியைக் கொண்டுவரும்படி சொல்லியனுப்பினார். அன்றிரவு மருமகன் வண்டியின் கீழே செய்தித்தாளை விரித்துவைத்தார். ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் டார்ச் விளக்கடித்துப் பார்த்தோம். தாள் உலர்ந்திருந்தது. ஏழு மணிக்குத் தாயாரை ஏற்றிக்கொண்டு சேலத்திற்குப் புறப்பட்டார்.