கடாரத்துக்கு ஒரு சுலோகம், கள்ளிக்கு ஐந்நூறு வரி

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதையில் திருவாலங்காடு ஸ்டேஷன் வரும். ஊருக்குள் வடாரண்யேசுவரர் கோயில். ஐம்பெரும் சபைகளில் ரத்தினசபை இதுதான். காளியோடு போட்டியிட்டு இறைவன் காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடியதும், காரைக்கால் அம்மையார் வந்து தங்கிப் பாடியதும் இங்கேதான் என்பது தலபுராணம். வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊரின் பெயர் அடிபடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1905-இல் இங்கே 31 செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தவை. கல்வெட்டறிஞர் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் வெளிவந்தவை. ஒரு குடும்பம் தன் நெடும்பயணத்தைத் தானே எழுதி வைத்துக்கொண்ட ஆவணம் அது. சூரியனில் தொடங்கி, காவிரிக்கரை வழியாகக் கங்கைக்குப் போய், கடல் தாண்டிக் கடாரம்வரை (இன்றைய மலேசியாவின் கெடா) அந்தப் பயணம் நீள்கிறது. சோழர்கள் கடாரத்தை ஆண்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் சான்றாக முதலில் நீட்டுவதும் திருவாலங்காட்டுச் செப்பேட்டைத்தான். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் அவை அந்த வழக்கில் அரைமனதுச் சாட்சியாகத்தான் நிற்கின்றன. அவை உறுதியாகச் சொல்வது வேறொரு பயணத்தை, அதாவது ஓர் அரசு நிலத்துக்குள் இறங்கி, எல்லை நடந்து, கணக்கில் ஏறிய கதையை.

ஏடுகள் ஒரு செம்பு வளையத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. வளையத்தில் சோழ முத்திரை: உட்கார்ந்த புலி, அதன் எதிரே இரண்டு கயல், கீழே வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். இன்று பத்திரப்பதிவில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் சீலும் வைப்பதும் அன்று வளையத்தை முத்திரையிட்டு மூடியதும் ஒரே கவலையால்தான். நடுவில் எவனும் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ கூடாது. உள்ளே இரண்டு மொழி. சமஸ்கிருதம் 271 வரி, தமிழ் 524 வரி. தமிழ்ப் பகுதியின்படி ஆணை பிறந்தது ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1018-இல். ஆனால் சமஸ்கிருதப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் சொல்கிறது. கடார வெற்றி நடந்தது 1025-ஐ ஒட்டி. 1018-இல் எழுதிய தானப் பத்திரத்துக்கு ஏழு வருஷம் கழித்து நடக்கப்போகிற போர் எப்படித் தெரியும்? சமஸ்கிருதப் பகுதி பிற்பாடு இயற்றிச் சேர்க்கப்பட்டது என்பதுதான் ஒரே விடை. பதிப்பாசிரியரே இதைக் கவனித்திருக்கிறார். ஆக நில ஆணை முதலில், குடும்ப வரலாறு அதற்குப் பிறகு. பத்திரம் முடிந்தபின் வீட்டுப் பெருமையை முன்பக்கமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த முன்பக்கம் எளிதானதல்ல, நாராயணன் என்ற கவிஞரின் கைவண்ணம். சூரியன், மனு, இக்ஷ்வாகு என்று இறங்கி, புறாவுக்காகத் தசையை அறுத்த சிபியைத் தொட்டு, காவிரிக்குக் கரை கட்டிய கரிகாலனையும் கோச்செங்கணானையும் கடந்து, தஞ்சாவூரைப் பிடித்த விஜயாலயனிடம் வந்து சேர்கிறது. புராணமும் வரலாறும் தையல் தெரியாமல் இணைகிற இடம் அது. அதன்பின் ஆதித்தன், பராந்தகன், ராஜராஜன். ராஜேந்திரனிடம் வரும்போது கவிஞர் நிதானமாகிறார். கங்கைக்கு மட்டும் அடுக்கடுக்காகச் சுலோகங்கள். தவம் செய்து கங்கையை இறக்கிய பகீரதனைப் பார்த்து நகைக்கும் அரசன், தோள்வலியாலேயே அந்த நீரைத் தன் நாட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறான்; ஆறுகளில் யானைகளை வரிசையாக நிறுத்திப் பாலமாக்கிப் படை கடக்கிறது; தளபதி திரும்பி வருகையில் அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொள்கிறான். கடாரத்துக்கு வருவோம். கடல் கடந்த படையால் கடாரத்தை வென்றான், அரசரெல்லாம் வணங்க உலகைக் காத்தான் என்று ஒரே சுலோகம். அடுத்த சுலோகத்தில் கவிஞர் வீடு திரும்பிவிடுகிறார். கங்கைநீரால் நிரப்பிய சோழகங்கம் என்ற ஏரியை அரசன் தன் நாட்டிலேயே நீராலான வெற்றித் தூணாக அமைத்தான் என்கிறார். கடற்போரின் மணம் ஒரு சுலோகத்தோடு கலைந்து ஏரித்தண்ணீர் வந்துவிட்டது.

தமிழ்ப் பகுதியின் கதியே வேறு. ஜெயங்கொண்ட சோழமண்டலத்துப் பழையனூர் அதுவரை பிரமதேயமாக, பிராமணச் சபையின் பொறுப்பில் இருந்தது. அதை மாற்றி, வேளாளர் கையில் இருக்கும் வெள்ளான் வகையாக்கி, அதன் வரியைத் திருவாலங்காட்டு மகாதேவர் கோயிலுக்கு விடுவது அரசாணையின் சாரம். ஆணை அரண்மனையில் பிறந்து, ஓலையெழுதுகிறவர், ஓலைநாயகம், வரிப்பொத்தகக் கணக்கு என்று அதிகாரிகள் வரிசையாகக் கைமாறி நாட்டாருக்கு வந்து சேர்கிறது. பிறகுதான் நடை. ஒரு பெண் யானையை ஊரெல்லையைச் சுற்றி நடத்துகிறார்கள். நாட்டார் பின்னே நடந்து எல்லை தெரிக்கிறார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் கல் நாட்டிக் கள்ளி நடுகிறார்கள். பிடி சூழ்தல் என்று இதற்குப் பெயர். கல்லைப் பெயர்க்கலாம், கள்ளி வேர்விட்டால் பெயர்ப்பது கஷ்டம். மாடு மேயாது, கோடையில் வாடாது. எல்லையில் வாய்க்காலும் ஏரிக்கரையும் அடுத்த ஊர் நிலமும் திசைவாரியாக எழுதப்படுகின்றன. யானை எங்கே தெற்கே திரும்பியது என்பதையும் செம்பில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர்களும் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்துக் கைவினைஞர்கள். அரச குடும்பத்தின் பயணத்தை இன்னொரு குடும்பத்தின் உளி எழுதியிருக்கிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: திருவாலங்காட்டில் ஒரு சுலோகம்தான், ஆனால் கல்வெட்டுகளின் தலைப்பில் வரும் ராஜேந்திரனின் தமிழ்ப் புகழ்ப்பாட்டான மெய்க்கீர்த்தி அப்படியில்லையே? உண்மை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று தொடங்கிக் கடாரம்வரை பதின்மூன்று இடங்கள் வரிசையாக வருகின்றன. நிக்கோபார்த் தீவுகளை மாநக்கவாரம் என்று சொல்வதும் அங்கேதான். கடார மன்னனின் யானைகளையும், குவித்து வைத்திருந்த செல்வத்தையும், வித்யாதர தோரணம் என்ற வாயிலையும் எடுத்ததாக மெய்க்கீர்த்தி பாடுகிறது. பதின்மூன்று பெயர்கள் சும்மா வந்துவிடாது. கப்பல்கள் போனதையும் மோதியதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டை உற்றுப் படியுங்கள். எடுத்தது உண்டு, ஆண்டது இல்லை. யார் அதிகாரி, எந்த நாடு எந்த வளநாட்டில் சேர்ந்தது, எவ்வளவு வரி என்ற பேச்சே கிடையாது.

சோழர்கள் உண்மையிலேயே ஆண்ட கடல்கடந்த நாடு ஒன்று இருக்கிறதே, ஈழம். அங்கே அவர்கள் விட்டுச்சென்றதைப் பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். ஈழத்துக்கு மும்முடிசோழமண்டலம் என்று பெயரிட்டார்கள். பொலனறுவைக்கு ஜனநாதமங்கலம். அங்கேயுள்ள வானவன்மாதேவி ஈசுவரம் கல்லாலான சோழக் கோயில், சுவரில் தமிழ்க் கல்வெட்டு. மாதோட்டத்தில் ராஜராஜ ஈசுவரம். ஈழத்து ஊர்களின் விளைச்சலிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். சோழன் ஆண்ட இடத்தில் பெயர் மாறும், கணக்கு வரும். அதே அளவுகோலைக் கடாரத்தில் வைத்தால் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை. இன்றைய மலேசியாவின் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் இடிந்து கிடக்கும் கோயில் அடித்தளங்கள் அந்நாட்டு மரபில் வளர்ந்தவை; சோழ நிர்வாகத்தின் கைத்தடம் அவற்றில் இல்லை. தென்கிழக்காசியாவிலும் சீனாவிலும் நன்கறியப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக் கரையில் தகுவாபாவில் அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்ட கல்வெட்டு, சுமத்ராவின் பாருசில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வைத்தது, சீனத்துச் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுச் சிவன் கோயில் கல்வெட்டு, எல்லாம் வணிகர் உலகத்தைச் சேர்ந்தவை. தமிழன் போகாமல் இல்லை. அரசன் ஒருமுறை போய்த் திரும்பினான், வணிகன் போய்க்கொண்டே இருந்தான். சோழர்களே இதற்கு இன்னொரு சாட்சி தருகிறார்கள். அடுத்த தலைமுறையிலேயே, ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, கழல் வணங்கிய அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறான். முன்பே ஆண்டுகொண்டிருந்தால் மறுபடி வெல்வானேன்?

அப்படியானால் அவ்வளவு பெரிய படை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சோழர், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் என்ற இரண்டு குடும்பங்களின் உறவைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். ராஜராஜன் காலத்தில், 1006-ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய மன்னன் மாரவிஜயோத்துங்கன் தன் தந்தையின் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலத்தைத் தந்தது சோழ அரசு. நெதர்லாந்து போய்ச்சேர்ந்த லெய்டன் செப்பேடு அந்தத் தானத்தின் பத்திரம்தான். ராஜேந்திரனின் கரந்தைச் செப்பேடு காம்போச அரசன் நட்பு நாடித் தேர் அனுப்பியதைச் சொல்கிறது. 1015-இல் சோழத் தூதுக்குழு சீனத்துச் சோங் அரசவையை அடைந்தது. வழியில் கழிந்தது மூன்று ஆண்டுக்கு மேல் என்கிறது சீனப் பதிவு. நீண்ட பயணம் என்று சொல்ல உரியது அதுதான், ஆனால் அதை எந்தச் சோழக் கவிஞனும் பாடவில்லை. அந்தப் பாதையின் தொண்டைக்குழியில், மலாக்கா நீரிணையில், ஸ்ரீவிஜயம் உட்கார்ந்திருந்தது. சீன வணிகத்தில் அவர்கள் வழிமறித்ததுதான் 1025-இன் காரணம் என்பது பல ஆய்வாளர் கருத்து, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. அடைப்பை எடுக்கப் போனவன் ஊரைப் பட்டா போட வேண்டிய தேவையில்லை. 1090-இல் கடார அரசனின் தூதர்கள் மறுபடி வந்து நாகப்பட்டின விகாரத்துக்கு வரிவிலக்குக் கேட்கிறார்கள், முதலாம் குலோத்துங்கன் கொடுக்கிறான். ஆளுகிறவனும் குடிமகனும் பேசிக்கொள்கிற தொனி இல்லை அது.

இன்னொரு தரப்பு, கவிஞர்கள் எப்போதுமே சுருக்குவார்கள், சுலோகத்தை எண்ணி வரலாறு எழுதக் கூடாது என்று சொல்லும். சுருக்குவது கவிஞர் இயல்பென்றால் கங்கையையும் சுருக்கியிருக்க வேண்டுமே. அதைவிட முக்கியம், எந்த நிலத்தில் இந்தப் பத்திரம் எழுதப்பட்டது என்பது. திருவாலங்காட்டுக்கு அருகில்தான் தக்கோலம். 949-இல் அங்கேதான் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு மோதி யானைமீதே மாண்டான். பிற்பாடு ஜெயங்கொண்ட சோழமண்டலம் ஆன தொண்டைமண்டலம் கைவிட்டுப் போயிற்று. குடும்பத்தை மீண்டும் காவிரிக்கரைக்குத் துரத்திய நாள் அது. ராஜேந்திரன் பழையனூரில் யானை நடத்தியது அதற்கு எழுபது ஆண்டு கழித்து. தோற்ற யானை விழுந்த வட்டாரத்தில் எல்லை தெரிக்கிற யானை நடக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு மீட்ட தொண்டைமண்டலத்தைவிடக் கடாரம் பெரிதாக இருந்திருக்க முடியாது. தமிழ் வரிகளின் நீளம் அதைத்தான் சொல்கிறது.

இப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்தார் என்பது இந்தக் கதையில் இனிப்பான திருப்பம். நொபொரு கராஷிமா (1933-2015), டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர், தமிழ்க் கல்வெட்டை வெற்றிப்பாட்டாகப் படிக்காமல் நிலக்கணக்காகப் படித்தார். யார் பெயர் எத்தனை முறை வருகிறது, நிலம் யார் கையில், பிரமதேயம் எப்படி, வெள்ளான் வகை எப்படி என்று எண்ணினார். எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழக் கல்வெட்டுப் பெயர்களுக்கு 1978-இல் மதுரையில் ஓர் அட்டவணை வெளியிட்டார். மெய்க்கீர்த்தியை நம் ஆட்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அதற்கடியில் தொடங்கும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

செப்பேடுகள் இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில். திருவாலங்காட்டிலிருந்து கிடைத்த புகழ்பெற்ற நடராசர் செப்புத்திருமேனியும் அங்கேதான். அதைப் புகைப்படத்தில் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் கட்டுரை எழுதினார். பழையனூர் அதே இடத்தில், அதே பெயரோடு இருக்கிறது. அங்கே ராஜேந்திரன் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊருக்குப் புகழ் பழையனூர் நீலியால். வணிகனைத் துரத்தி வந்த பேயான அந்த நீலிக்கு முன்னால் அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்து, வாக்குத் தவறிய பழிக்காகத் தீயில் இறங்கிய எழுபது வேளாளர்களுக்கு அங்கே மண்டபமும் உண்டு.